கறிமீன் வாசம்

கடலுக்குப் போறவங்க வீட்டுச் சமையலுக்குன்னு ஒதுக்கிக் கொண்டுவாற மீனுக்கு எங்க பக்கம் கறிமீன்னு பேரு. எம்மகன் கறிமீன் பையோட தெருமுனை திரும்பும்போதே எங்க பூனை வாசலுக்குப் பாஞ்சிரும்.

காத்துல மாட்டின அவன் வள்ளம் இன்னும் கரைக்கு வரல. தேடப்போன படகுகளும் சும்மா திரும்பிட்டுது. நான் செபமாலையைத் தொடவே இல்ல. மாதா மேல அவ்வளவு கோவம்.

பூனைக்கு இது தெரியுமா? யார் வீட்டுக் கறிமீன் தெருவுல போனாலும் எழும்பி ஓடுது. நானும் பின்னால ஓடுதேன். பையோட வாற பக்கத்து வீட்டுக்காரர் என் முகத்தைப் பாக்க முடியாம தலையைக் குனிஞ்சிக்கிட்டுப் போறாரு.

நேத்து பொறுக்க முடியல. "ஏளா, அவன் இனி வரமாட்டாம்ளா!"ன்னு பூனை மேல விளக்குமாத்தை வீசினேன். அந்தச் சொல்லை என் வாய் சொன்னது அதுதான் முதல் தடவை. பூனை கொஞ்சம் நகந்து, வாசலைப் பாத்தே உக்காந்துச்சு.

பிரிஞ்சுபோன பிள்ளைக்காகக் கடவுள் காத்திருக்காருன்னு சாமியார் பிரசங்கம் வைப்பாரு. கடவுள் மெழுகுவத்திகளுக்கு நடுவுல அமைதியா உக்காந்திருப்பாருன்னு நினைச்சிருந்தேன். இல்ல. ஒவ்வொரு காலடிக்கும் இந்தப் பூனை மாதிரி ஓடி, ஏமாந்து திரும்பி, மறுபடியும் காதைத் தீட்டிக்கிட்டு உக்காருறவர்தான் அவரு. இதுல எனக்கு ஆறுதல் ஒண்ணும் இல்ல. ஆனா அவரைத் திட்டவும் வாய் வரல.

இன்னைக்குச் சாயங்காலம் பூனை மறுபடி காதை நிமித்துச்சு. ஓடக்கூடாதுன்னுதான் இருந்தேன். பூனைக்கு முன்னாலயே நான் தெருவுல நின்னேன்.