சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர்

என் வேலை ஜோடி சேர்ப்பது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தைத்து முடித்து வருகிற ஷூக்களில் வலதையும் இடதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிறம் ஒன்றா, தோலின் வரி ஒன்றா, தையல் ஒரே உயரத்தில் ஏறுகிறதா என்று பார்த்துப் பெட்டிக்கு அனுப்புவேன். ஒரு கால் கொஞ்சம் வெளுத்திருந்தாலும் தள்ளிவிடுவேன். லைனில் இருக்கிற பெண்கள் என்னைத் திட்டித் தீர்ப்பார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருக்கும். இந்தக் கண் வேறு யாருக்கும் கிடையாது என்று ஒரு நினைப்பு.

காது விஷயத்திலும் அதே நினைப்புதான். சர்ச் கொயரில் பல வருஷம் பாடியவன். பக்கத்தில் நிற்கிறவர் கொஞ்சம் சுருதி இறங்கினாலும் முகத்தைச் சுளித்துவிடுவேன். கொயரில் எனக்குத் தோழர்கள் குறைவு என்பதற்கு இது ஒரு காரணம்.

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, மேஜையில் முக்கால்வாசியை மானிட்டரே அடைத்துக்கொள்ளும் காலம். அதோடு இலவசமாக இரண்டு பிளாஸ்டிக் ஸ்பீக்கர் கொடுத்தார்கள். சிடியிலிருந்து பாட்டுகளை ஏற்றி வைத்துக் கேட்டால் எல்லாப் பாடகருக்கும் ஜலதோஷம் பிடித்த மாதிரி இருந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. வேலூரில் ஒரு ரிப்பேர் கடையில் சொல்லி ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் செய்து வாங்கினேன். ஸ்பீக்கருக்குத் தெரிந்த ஆசாரியிடம் பிளைவுட்டில் இரண்டு பெட்டி அடித்துக்கொண்டேன். பெட்டிக்குள் அதிர்வு வராமல் இருக்க, ஷூவுக்குள் வைக்கிற ஃபோமில் வெட்டி மீந்த துண்டுகளை ஒட்டினேன். அடியில் செங்கல், செங்கல் மேல் சோல் ரப்பர். ஒரு மாதம் ஸ்பீக்கரில் பாட்டோடு சேர்ந்து ஓயாத முனகல் ஒன்று கேட்டது. ஆம்ப்ளிஃபயரை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், மனைவியின் மிக்ஸியைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் கம்ப்யூட்டர் சொருகியிருந்த பிளக்கில் எர்த் இல்லை. எல்லாவற்றையும் எர்த் உள்ள ஒரே போர்டுக்கு மாற்றியதும் முனகல் நின்றது.

பிறகு இடம் பார்த்தேன். இரண்டு பெட்டிக்கும் நடுவில் எவ்வளவு தூரமோ, அதே தூரத்தில் என் நாற்காலி. பெட்டியில் மேலே இருக்கிற சின்ன ஸ்பீக்கர் காதுக்கு நேர் உயரத்தில். அரை சாண் இப்படி, அரை சாண் அப்படி என்று நகர்த்திக்கொண்டே இருந்த ஒரு மத்தியானம், குரல் இரண்டு பெட்டியையும் விட்டுவிட்டு நடுவே வந்து நின்றது. பாடுகிறவர் மானிட்டர் மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்துப் பாடுவது போல் இருந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்று கூட இருந்ததா என்று தெரியவில்லை. மனைவியை உட்காரவைத்துக் கேட்கச் சொன்னேன். “நல்லாத்தான் இருக்குது. அடுப்புல பால் இருக்குது” என்று எழுந்து போனாள்.

பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். வரிசை வீடுகளில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன். நான் அவனைப் பாய் என்பேன், அவன் என்னைத் தோஸ்த் என்பான். தோல் தொழிற்சாலையில் ஷேவிங் மெஷினில் வேலை. தோலைச் சீவிக் கனத்தைக் குறைக்கிற மெஷின் அது. ஓடும்போது பக்கத்தில் இருப்பவனிடம் கத்தித்தான் பேச வேண்டும். மூன்று பெண் குழந்தைகள். என்னைவிட அதிகமாக அவனிடம் ஒன்றும் இல்லை. ஆனால் தெருவில் எல்லாருக்கும் அவனைத்தான் பிடிக்கும். என் மாமியார் ஒடுகத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கினால், முதலில் அவன் வீட்டு வாசலில் நின்று சிரித்துப் பேசிவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்குள் வருவார். நான் உள்ளே உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

அவனிடம் ஒரு பழக்கம், பேசும்போது முகத்தை நேரே காட்டாமல் ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்வான். பின்னாலிருந்து கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்புவான். திமிர் என்றே பல வருஷம் நினைத்தேன்.

அவன் தங்கை வீட்டுக்காரர் துபாயிலிருந்து லீவில் வந்தபோது ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்தது. அதற்கு முந்தின வருஷமே குழந்தைகளுக்காக அவனும் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தான். சாயங்காலம் வாசலுக்கு வந்து, “தோஸ்த், ஞாயித்துக்கிழம வந்து மாட்டிக் குடு. எனக்கு இன்னா தெரியும் இதெல்லாம்” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேரே போனேன். அட்டையைப் பிரித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. எழுத்துக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே மேல் வயிற்றில் எரிந்தது. ஆம்ப்ளிஃபயர் ஒன்று, ஸ்பீக்கர் இரண்டு. நிஜ மரம். இரண்டு பெட்டியின் முகத்திலும் மரத்தின் வரி, ஒன்றைக் கண்ணாடியில் பார்த்தால் இன்னொன்று தெரிகிற மாதிரி. ஒரே மரத்தை நடுவில் பிளந்து இரு பக்கமும் விரித்திருக்கிறார்கள். என் வேலையில் அப்படி ஒரு ஜோடி என் கைக்கு வந்ததே இல்லை. அதைப் போய், எது இடது எது வலது என்று கூடத் தெரியாதவன் வீட்டில் நான் மாட்டிக் கொடுக்க வேண்டும்.

கம்ப்யூட்டரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குக் கேபிள் போட்டேன். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு ஒயர், சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. இடது பக்கப் பெட்டிக்குச் சரியாக மாட்டினேன். வலது பக்கம் வந்தபோது சிவப்பைக் கறுப்பிலும் கறுப்பைச் சிவப்பிலும் மாட்டினேன். கை தவறவில்லை. தெரிந்தே செய்தேன். அப்படி மாட்டினால் ஒரு ஸ்பீக்கர் காற்றை வெளியே தள்ளும்போது இன்னொன்று உள்ளே இழுக்கும். சத்தம் வரும். ஆனால் குரல் நடுவில் நிற்காது, இரண்டு பெட்டியின் அடிச் சத்தமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தபேலாவும் டிரம்மும் காணாமல் போகும். எதுவும் கெட்டுப்போகாது. இரண்டு ஒயரை மாற்றினால் நொடியில் சரியாகிவிடும்.

விளையாட்டு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாளில் வந்து, “இன்னாமோ சரியில்ல தோஸ்த்” என்பான். நான் போய், முகத்தைச் சீரியசாக வைத்துக்கொண்டு, நாலு பேருக்கு முன்னால் சரி செய்வேன். இந்தத் தெருவில் காது உள்ளவன் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

பாட்டுப் போட்டேன். அவ்வளவு பெரிய பெட்டிகளிலிருந்து சத்தம் ஒல்லியாக வந்து சுவரெல்லாம் பரவியது. அவன் வழக்கம்போல் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு கேட்டான். பெட்டி மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். பிறகு, “ஜோரா இருக்குது” என்றான்.

இரண்டு நாள் போனது, இரண்டு வாரம் போனது. அவன் வரவில்லை. தெருவே அவன் வீட்டுக்குப் போய் வந்தது. போய் வந்தவர்கள் எல்லாரும் என் வீட்டு வாசலில் நின்று இன்னா சவுண்டு, இன்னா சவுண்டு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இவர்களுக்குக் காது என்று ஒன்று தலையில் ஒட்டியிருப்பது கண்ணாடி மாட்டத்தானா என்று நினைத்தேன். எல்லாவற்றையும் விட, ஒருநாள் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு வந்த என் மனைவி, “அவங்க ஊட்ல பாட்டு நம்மள்து விட நல்லா கேக்குது” என்றாள். பாதி சத்தத்தை நான் பிடுங்கி வைத்திருக்கிற பெட்டி அது. அதைப் போய் என்னுடையதை விட நன்றாகக் கேட்கிறது என்கிறாள். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

என் பாட்டிலும் எனக்குச் சுவை போய்விட்டது. நாற்காலியில் உட்கார்ந்தால் நடுவில் நிற்கிற குரலைக் கேட்காமல், சுவருக்கு அந்தப் பக்கம் என்ன ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அவனை என் வீட்டுக்கு ஒருநாளும் கூப்பிடவில்லை. இரண்டையும் ஒப்பிட்டு ஏதாவது சொல்லிவிடுவானோ என்று பயம்.

இப்படியே மூன்று மாதம் இருக்கும். ஒரு ஞாயிறு காலை சர்ச்சிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவன் வாசலில் நின்றான்.

“வியாழக்கிழம லீவு போட முடியுமா தோஸ்த்?”

“இன்னாத்துக்கு?”

“வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போணும். நீ கூட வந்தா நல்லா இருக்கும்.”

“யாருக்கு உடம்பு சரியில்ல?”

“எனக்குத்தான். காது.”

உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னான். “வலது காது போய் ஆறு வருஷம் ஆச்சு. மெஷின் பக்கம் இருக்கற காது. ஊட்ல மட்டும்தான் தெரியும். சரி, இன்னொண்ணு இருக்குதுன்னு விட்டேன். இப்ப அதுவும் போவுது.”

“எப்டிச் சொல்ற?”

“அந்த ஸ்பீக்கர்லதான் தெரிஞ்சுது. முன்ன இருந்த பழைய டேப்ல தபேலா அடிச்சா நெஞ்சுல வந்து விழும். இப்ப அவ்ளோ பெரிய பொட்டி, ஒண்ணும் விழல. மேல மேல கேக்குது, கீழ காலி. வர்றவன் எல்லாம் ஜோர் ஜோர்ன்றான். எனக்கு மட்டும் கேக்கலன்னு எப்டிச் சொல்றது? நானும் ஜோர்னு சொல்லினு இருக்கறேன்.”

“பஸ்ல பாட்டு கேக்குது இல்ல?” என்றேன்.

“பஸ்ல போட்றது செவுடனுக்கும் கேக்கும்.”

“ஒயர் கியர் இன்னா ஆச்சுன்னு பாத்தியா பாய்?”

அவன் சிரித்தான். “நீ மாட்டுனதுப்பா. கண்ண மூடிக்கினே ஜோடி மாறுனத கண்டுபுடிக்கற ஆளு. அதுல தப்பு வருமா?” பிறகு சொன்னான்: “இந்தக் காதும் இல்லன்னு தெரிஞ்சா மெஷின்ல நிக்க விட மாட்டாங்க. மூணு பொண்ணுங்க. அத விடு. ஆஸ்பத்திரில டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்புடுவாங்க. கேக்காம போய்ட்டா நாள் பூரா உக்காந்துனு இருப்பேன். அதுக்குத்தான் உன்ன கூப்டறேன்.”

“வா, உன் ஊட்டுக்குப் போலாம்” என்று, கழற்றின செருப்பைப் போடாமலே அவன் வீட்டுக்குள் நுழைந்தேன்.

நான் வைத்த இடத்தில் ஸ்பீக்கர்கள் இல்லை. இரண்டையும் நகர்த்தி, நாற்காலிக்கு இடது பக்கம், ஒன்றையொன்று ஒட்டி வைத்திருந்தான். கேட்கிற காதுக்குப் பக்கத்தில். ஒன்று தள்ள ஒன்று இழுக்கிற இரண்டு பெட்டியை அப்படி ஒட்டி வைத்தால் அடிச் சத்தம் அறவே செத்துவிடும். நான் பாதி பிடுங்கியதை அவன் அறியாமல் முழுசாக்கிக்கொண்டு, மூன்று மாதமாக அதன் எதிரில் உட்கார்ந்து தன் காதைச் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறான். ஒருநாள், ஒரே ஒருநாள் அவனை என் வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தால் போதும், அவன் இடது காதுக்கு ஒன்றும் இல்லை என்று அங்கேயே தெரிந்திருக்கும்.

டீ கொண்டுவர அவன் உள்ளே போனான். பெட்டியைத் திருப்பி ஒயரை மாற்றினேன். அவசரத்தில் கறுப்பு இரண்டு தடவை நழுவியது. அவன் டம்ளரோடு வந்ததும், “உக்காரு” என்று சொல்லிப் பாட்டைப் போட்டேன்.

தபேலா விழுந்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அவன் டீயைக் கீழே வைக்கவும் மறந்து அப்படியே இருந்தான். ஒரு கையைத் தூக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டான். வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, “கேக்குதுடி” என்றான். அவர் கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மூன்று மாதமாக அந்த வீட்டில் இந்தப் பயம் ஓடியிருக்கிறது, நான் சுவருக்கு இந்தப் பக்கம் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறேன்.

“இன்னா பண்ண?” என்று கேட்டான்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். “ஒயர் லூசா இருந்துது” என்று வந்தது.

அதைவிட அசிங்கம் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். அவன் காது நன்றாக இருக்கிறது என்ற நிம்மதி எனக்கு வந்தது, வராமல் இல்லை. ஆனால் அதே மூச்சில், முதல் தடவையாக ஒழுங்காகப் பாடுகிற அந்த மரப்பெட்டிகளைக் கேட்டு, என் பிளைவுட் பெட்டிக்கு இந்த ஜென்மத்தில் இந்தச் சத்தம் வராது என்று மேல் வயிறு எரிந்தது.

சாயங்காலம் அவன் வந்தான். இரண்டு கையாலும் ஒரு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு.

“வியாழக்கிழம லீவு போடாத. இத புடி.”

“இன்னா பாய் இது?”

“ஒரு காதுக்கு எதுக்குப்பா ரெண்டு பொட்டி? ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு.”

“ஜோடியப் பிரிக்கக் கூடாது” என்றேன். என் தொழில் தர்மம் அது ஒன்றுதான்.

“என் காத நீ திருப்பிக் குடுத்த. இது இன்னா பெரிய விஷயம்” என்று மேஜை மேல் வைத்துவிட்டுப் போனான். அவன் திரும்பி நடந்தபோதும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூப்பிட்டால் இரண்டாம் தடவை திரும்பியிருப்பான். கூப்பிடவில்லை.

மறுநாள் போய் அவன் ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானை அமுக்கிக் கொடுத்தேன். இரண்டு பக்கத்துச் சத்தமும் அந்த ஒரு பெட்டியில் சேர்ந்து வரும். என்னிடம் வந்ததை என் பிளைவுட் பெட்டியோடு ஜோடி போட்டுப் பார்த்தேன். குரல் நடுவில் நிற்காமல் மரப்பெட்டிப் பக்கமே போய் நின்றது. எத்தனை நகர்த்தியும் வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு, ஒயரைக் கழற்றி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவனுடைய ஒற்றைப் பெட்டி பாடிக்கொண்டிருந்தது. மாடியிலிருந்து காய்ந்த துணியோடு இறங்கி வந்த என் மனைவி கொஞ்ச நேரம் நின்று கேட்டாள்.

“அவங்க ஊட்ல இப்ப இன்னும் நல்லா கேக்குது, இல்ல?”

ஆமாம் என்றேன்.