மருந்துக் கடை ஆமாஞ்சாமி

மருந்துக் கடை முதலாளியம்மா இனிமேல் கவுன்ட்டருக்கு ஆள் எடுப்பதென்றால், முதலில் போன் போட்டுப் பத்து நிமிஷம் பிரெஞ்சில் பேசிப் பார்ப்பாராம். நம் ஆளிடம் இதைச் சொன்னது அவர் மச்சான். மச்சானுக்குச் சொன்னது முடிவெட்டுகிறவர். அவருக்கு யார் சொன்னார்கள் என்று விசாரிக்கிற நிலையில் நம் ஆள் இல்லை.

பிரெஞ்சு பேசும் ஊருக்குப் பிழைக்க வந்து, எட்டு வருஷமாக அந்தக் கடையின் ஜன்னலில்லாத பின்னறையில் மருந்துப் பெட்டி அடுக்குகிறவர் அவர். அங்கே தலையாட்டத் தெரிந்தால் போதும். இப்போது கவுன்ட்டரில் ஓர் இடம் காலி, இவரும் கேட்டிருக்கிறார். இதை விட்டால், அடுத்தது காலியாவதற்குள் இவரே ஓய்வு பெற்றுவிடுவார்.

மறுநாள் பெட்டிமேல் முதலாளியம்மாவின் சீட்டு இருந்தது: கடை விடுமுறையான திங்களன்று காலை பத்து மணிக்கு அழைப்பேன். எழுத்தில் வந்ததால் ஒரு புள்ளி விடாமல் புரிந்தது.

பிரெஞ்சு தெரியாதவரா என்ன? இடைநிலைச் சான்றிதழ் வீட்டுச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. வாராவாரம் நூலகத்துப் பேச்சுப் பயிற்சிக்கும் போகிறார். ஆறு பேர், ஆறும் இடைநிலை. ஒருவர் பிழையை இன்னொருவர் திருத்த, திருத்தத்தின் பிழையை மூன்றாமவர் திருத்துவார். இரண்டு வருஷத்தில் பேச்சிலேயே சுற்றுச்சூழலை முழுசாகக் காப்பாற்றியாயிற்று. கனவுச் சுற்றுலாவும் பதினோரு தடவை போய்வந்தாயிற்று. யாராவது பல்வலி என்றால்தான் பதில் சொல்ல ஆளில்லை.

வெளியாட்களுக்கென்று தனி உத்தி வைத்திருந்தார். என்ன கேட்டாலும் ஒரு புன்னகை, "ஆமாம், கண்டிப்பாக", உடனே மழையைப் பற்றி ஒரு வாக்கியம். புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்வதா? சான்றிதழ் சுவரிலிருந்து விழுந்துவிடாதா?

ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் அவர் மனைவி எந்த வகுப்பு வாசலையும் மிதித்ததில்லை. கை கால் உடைந்த பிரெஞ்சுதான். ஆனாலும் அவர்கள் குடியிருக்கும் கட்டடமே அவரிடம்தான் வந்து கதை பேசும்.

சனிக்கிழமை கீழ்வீட்டு அம்மாள் மூன்று பூனைகளோடு வாசலில் வந்து நின்றார். மனைவி பேசி அவரை அனுப்பிவிட்டு, பூனைகளோடு திரும்பினார்.

"ஏங்க, ஒரு மாசம் இதுங்கள வச்சுக்கறேன்னு சொன்னீங்களாமே?"

"நானா? படிக்கட்டுல மழையப் பத்தித்தானே பேசினேன்!"

"அதுக்கு முன்னாடி ஆமாம், கண்டிப்பான்னீங்களாம். இந்தக் குண்டுக்குத் தினம் ஒரு மாத்திரையாம். அதுக்கும் கண்டிப்பாவாம்."

அவர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார்.

"சிரிங்க. நாளைக்குக் கவுன்ட்டர்ல ஒருத்தர் வந்து, எட்டு மாத்திரைய ஒண்ணா முழுங்கலாமான்னு கேப்பாரு. நீங்க ஆமாஞ்சாமி போட்டுட்டு மழையப் பத்திப் பேசுங்க."

சிரிப்பு நின்றது.

"புரியல, இன்னொரு தடவ சொல்லுங்கன்னு ஒரு வரி. சொன்னா கிரீடம் எறங்கிடுமா?"

முதல் பாடத்திலேயே படித்த வரிதான். ஞாயிறு முழுக்கப் பூனைகளிடம் சொல்லிப் பார்த்தார். பூனைகளிடம் உச்சரிப்பு அபாரம்.

திங்கள், பத்து மணி. மனைவி குண்டுப் பூனையின் வாயைத் திறந்து பிடித்திருந்தார். இவர் கையில் மாத்திரை. மேசைமேல் போன் அடித்தது. முதலாளியம்மாவின் எண்.

"எடுங்க."

"நீ எடுத்து, நான் வெளிய போயிருக்கேன்னு..."

"நான் பேசினா எனக்குத்தான் வேலை குடுப்பாங்க. பரவாயில்லையா?"

மாத்திரை நழுவி உருண்டது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அந்த வரியை முணுமுணுத்தபடி மேசையை நோக்கி நடந்தார். போன் நான்காவது தடவையாக அடித்துக்கொண்டிருந்தது.