இல்லை என்று எழுதச் சொன்னேன்

கீதா, பிரபு, போன மாதம் உங்கள் இருவரையும் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனேன். இருட்டு அறையில் இடதுபக்கமாகப் படுக்க வைத்து, நெஞ்சில் பசை தடவிப் பார்த்தார்களே, அது எதற்கு என்று கேட்டீர்கள். சும்மா ஒரு சோதனை என்று சொல்லி, ஓட்டலில் ரோஸ்ட் வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றிவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை, எழுதுகிறேன். எட்டாவதுதான் படித்தவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அண்ணன் சிவாவுக்கு முதல் மயக்கம் பஸ்ஸில் வந்தது. அப்போது அவன் கேரளத்தில் ஒரு கிளப்பில் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தான். மிட்ஃபீல்டர் (நடுக்களத்தில் நின்று, பின்னால் இருப்பவர்களிடம் பந்தை வாங்கி முன்னால் இருப்பவர்களுக்குக் கொடுக்கிறவர்). லீவில் வரும்போது, மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்து ஏறியிருக்கிறான். சீட் இல்லை. இரண்டு வளைவு தாண்டுவதற்குள் கண் சொருகிச் சரிந்துவிட்டான்.

கண்டக்டர் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து, "கீழயே இருந்து பழகிட்டீங்க தம்பி, மலை மறந்துபோச்சு" என்றாராம். அதைச் சொல்லி அவன் சிரித்தான். நாமும் சிரித்தோம். மலையில் இருக்கிறவர்கள் செய்கிற தப்பு இது. மயக்கம் என்றால் நமக்கு வளைவுதான்.

தேயிலை விலை விழுந்துகிடந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். பறிக்க ஆள் வைத்தால் கூலிக்கே காணாது என்று நாமே பறித்தோம். ஃபாக்டரிக்காரர்கள் வாரத்தில் சில நாள்தான் லாரி அனுப்பி இலை எடுப்பார்கள். அந்த லாரியை விட்டால் மூட்டைக்குள்ளேயே இலை வெந்து சிவந்துவிடும். அந்த லீவில் சிவா ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓட்டமாக ஏறினான். ரோட்டை எட்டுகிற இடத்தில் விழுந்தான்.

முகம் சாம்பல் நிறமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்லீங்கப்பா, காலைல சாப்புடல. லாரி போயிரும், மூட்டையத் தூக்குங்க" என்றான்.

எனக்கு என் தம்பி ரங்கன் நினைவு வந்தது. நீங்கள் போட்டோவில் மட்டும் பார்த்திருக்கிற சித்தப்பா. அவனும் இலை மூட்டையோடு இதே மலையில் விழுந்தவன்தான். இருபத்து நாலு வயது. எழவில்லை. குளிர் நெஞ்சில் ஏறிவிட்டது என்று ஊரில் சொன்னார்கள், நானும் அதையே சொல்லிவந்தேன். அன்றைக்கு அவன் நினைவு வந்தும், நான் மூட்டையைத்தான் தூக்கினேன்.

அடுத்த வாரம் கிளப்பிலிருந்து ஃபாரம் வந்தது. இன்னும் இரண்டு வருடத்துக்கு அவனை வைத்துக்கொள்ளப் போகிறார்கள், உடம்பு விவரம் எழுத வேண்டும். சிவா ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொன்னான்.

"மயக்கம் வந்திருக்கான்னு கேட்டிருக்குதுங்கப்பா. குடும்பத்துல யாராச்சும் சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களான்னும் கேட்டிருக்குது."

"இல்லைன்னு எழுது."

"சித்தப்பா?"

"அவன் குளிர்ல போனான் கண்ணு. அதையெல்லாம் எழுதினா உன்னை வெச்சுக்குவாங்களா?"

இரண்டுக்கும் இல்லை என்று எழுதினான். அவன் சம்பளத்தில்தான் நீங்கள் பள்ளிக்கூடம் போனீர்கள். காரணம் அதுதான். ஆனால் அதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

அதன் பிறகு நாலு மாதம் ஆடினான். ஒரு ஆட்டத்தை டீக்கடை டிவியில் பார்த்தேன். பந்து காலுக்கு வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவைத்துக்கொள்வான். வந்ததும் ஒரே தட்டு. கோல் போட்டவனைத்தான் எல்லோரும் தூக்கினார்கள். இவன் அதற்குள் திரும்பித் தன் இடத்துக்கு நடந்துகொண்டிருந்தான்.

பிறகு ஒருநாள் பயிற்சியில் விழுந்தான். இதயம் நின்றே போயிருக்கிறது. பக்கத்தில் இருந்தவர்கள் நெஞ்சை அழுத்தி, கரண்ட் வைத்து மீட்டிருக்கிறார்கள். அங்கிருந்து கோயம்புத்தூருக்குக் கொண்டுவந்தார்கள்.

டாக்டரம்மா எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். இதயத்தசைத் தடிப்பு (இதயத்தின் சுவர் தானாகப் பருத்துப்போவது, ஓடும்போது துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடலாம்). குடும்பத்தில் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வரக்கூடியது. பிறகு என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கையில் கிளப் அனுப்பிய ஃபாரம் இருந்தது.

"இதுல இல்லைன்னு போட்டிருக்குதுங்களே?"

"நாந்தானுங்க எழுதச் சொன்னேன். என்ர தம்பி ஒருத்தன் இருந்தான்."

"எத்தனை வயசுல போனாருங்க?"

"இருபத்து நாலுங்க."

எழுதிக்கொண்டார். "உங்களைத் திட்டி என்னங்க ஆகப்போகுது. மத்த ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க. நீங்களும் பாத்துக்குங்க."

சிவாவின் நெஞ்சில், தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி வைத்தார்கள் (துடிப்பு கெட்டால் தானே ஒரு அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்வது). நடக்கலாம், ஓடக் கூடாது, மூட்டை தூக்கக் கூடாது. "பாதி ஆட்டம் மட்டுமாச்சும் ஆடலாங்களா டாக்டர்?" என்று கேட்டான். அவர் கூடாது என்று தலையசைத்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். உங்கள் அம்மா அவன் பாதங்களைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு வயது இருபத்திரண்டு.

பிரபு, தழும்பைத் தொட்டுப் பார்த்து நீ கேட்டபோது, "உள்ள ஒரு ரெஃப்ரி உக்காந்திருக்கான்டா, ஓடினா விசில் அடிப்பான்" என்றானே, நீ சிரித்தாய். உன் முகத்தைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒருமுறை பறிக்கும்போது அந்த ஃபாரத்தைப் பற்றிச் சிவாவிடம் நானே பேச்செடுத்தேன். நிமிராமல் சொன்னான்: "நீங்க சொன்னீங்க, நாந்தானுங்களே எழுதினேன். எனக்கும் ஆடோணும்னு இருந்துச்சுங்கப்பா." அவன் மனசு அப்படி. அதனால் என் பாரம் குறையவில்லை.

உங்கள் இருவருக்கும் எக்கோவில் (ஒலி அலை விட்டு இதயத்தைப் படமாகப் பார்க்கும் சோதனை) இப்போதைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பின்னால் வரலாம் என்பதால் டாக்டர் சொல்கிற கெடுவில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். மயக்கம் வந்தால் வளைவு என்று சொல்லாதீர்கள். யார் கேட்டாலும் சித்தப்பாவைச் சொல்லுங்கள், அண்ணனைச் சொல்லுங்கள், என்னையும் சொல்லுங்கள். எனக்கும் சுவர் தடித்திருக்கிறது. என் வழியாகத்தான் அவனுக்குப் போயிருக்கிறது. ஐம்பது வருடமாக இந்த மலையில் ஏறி இறங்கியும் எனக்கு ஒன்றும் செய்யாதது, அவனை நிறுத்திவிட்டது.

முன்பெல்லாம் இலை வரும் மாதம், வராத மாதம் என்று வருடம் ஓடும். இப்போது ஒரு சோதனைக்கும் அடுத்த சோதனைக்கும் நடுவில் இருப்பதுதான் எனக்குக் காலம். ஏறும்போது என் நெஞ்சை நான் காது கொடுத்துக் கேட்கிறேன். அதற்கு முன்னால் அது அங்கே இருந்ததே தெரியாது.

சிவா ரோட்டிலிருந்து வீட்டுக்கு வரும் ஏற்றத்தில் பாதியில் நிற்கிறான். நிற்பது தெரியாமல் இருக்கச் செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிகிறான். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லோரும் சந்தைக்குப் போனபிறகு, வேலியோரம் கிடந்த பலகைக்கல்லைக் கடப்பாரையால் நெம்பி நெம்பி, நின்று நின்று, அந்த இடத்துக்குக் கொண்டுபோனேன். அவன் பந்து ஆடிப் பழகிய பள்ளி மைதானம் கண்ணில் படாத திசையைப் பார்த்துப் போட்டேன். யாராவது கேட்டால் எனக்காகத்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். அதில் உட்கார்ந்து பார்த்தேன். கொஞ்சம் ஆடியது. எழுந்து, ஒரு சில்லுக்கல்லைத் தேடி எடுத்து அடியில் செருகினேன்.