சிவப்பு இருக்கா, பாரு

நகப்பூச்சு வாசனை எங்கே வந்தாலும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிடும். தூண்டில் முள்ளில் கோழி இறகைச் சுற்றிக் கட்டி, நூல் அவிழாமலிருக்க அம்மாவின் நகப்பூச்சை அவளுக்குத் தெரியாமல் எடுத்து ஒரு சொட்டு வைப்பார் அப்பா. அம்மா ஃபேரர் பார்க் கடையில் வாங்கி வந்த இறகுத் துடைப்பம் மாதாமாதம் மொட்டையாகிக்கொண்டே வந்தது. அந்த இறகு முள்ளுக்கு எங்கள் வீட்டில் 'பூச்சி' என்று பெயர். தேவாலயத்தில் பூசை முடிந்ததும் அம்மா பாடற்குழு ஒத்திகைக்கு நின்றுவிட, நானும் அப்பாவும் சுவா சூ காங்கிலிருந்த எங்கள் வீட்டில் உடை மாற்றிக்கொண்டு நீர்த்தேக்கத்துக்கு பஸ் ஏறுவோம்.

அப்பாவுக்குத் 'தோமான்' மேல் பைத்தியம். நம் விராலுக்குப் பெரியண்ணன் அது, வாய் நிறையப் பல்லும் உடம்பு நிறைய முரட்டுத்தனமும் உள்ள மீன். குஞ்சு பொரித்தால், நூற்றுக்கணக்கான குஞ்சுகள் சிவப்புத் திட்டாக நீரின் மேலே திரிய, பெரியது அடியிலேயே காவல் நிற்கும். அந்தத் திட்டுக்குள் எது விழுந்தாலும் பசியில் அல்ல, கோபத்தில் பாய்ந்து கவ்வும். "பிள்ளை வச்சிருக்கிறதப் பிடிச்சா பாவம்லா" என்பார் அப்பா. ஆனால் சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான். அதனால் ஒவ்வொரு முறை வீசுவதற்கு முன்னும் "சிவப்பு இருக்கா, பாரு" என்று என்னைக் கேட்பார். அங்கே எனக்கிருந்த ஒரே வேலை அதுதான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஒரு ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் தோழியின் பிறந்தநாள். "ஒண்ணு மாட்டட்டும், உடனே கிளம்பிடலாம்" என்று அப்பா சொல்லி இரண்டு மணி நேரமாகியும் ஒன்றும் மாட்டவில்லை. அழுகை முட்டிக்கொண்டு நின்றபோது, கரையோரமாகச் சிவப்புத் திட்டு ஒன்று மேலே வந்தது.

"அப்பா, அங்க தண்ணி அசையுது."

"சிவப்பு இருக்கா?"

"இல்லப்பா."

பூச்சி விழுந்த இடத்தில் தண்ணீர் வெடித்தது. அப்பா அந்த மீனோடு மல்லுக்கட்டிய கால் மணி நேரமும் நான் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். காவல் போன குஞ்சுகளை வேறு மீன்கள் வந்து சளக் சளக்கென்று விழுங்க, திட்டு கைக்குட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டது. மீனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்த அப்பாவை நான்தான் படமெடுத்தேன்; பிறகு அதைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். பிறந்தநாளுக்கும் போனேன். கேக்கைத் தொடவில்லை.

அந்தப் படம் இருபது வருஷமாகக் கூடத்துச் சுவரில் இருந்தது. "என் பொண்ணு காட்டின இடத்துலதான் எறிஞ்சேன், என்ன கண்ணு தெரியுமா அவளுக்கு!" என்று வருகிறவர்களிடமெல்லாம் அப்பா பெருமை அடித்துக்கொள்வார். நான் அடுப்படிக்குள் போய்விடுவேன்.

இப்போது அந்தக் கரையில் தூண்டில் போடக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். அப்பாவின் தோளும் வீசுவதற்கு ஒத்துழைப்பதில்லை. வீட்டில் நகப்பூச்சு வாசனை வந்து பல வருஷமாகிறது. போன மாதம் அவர் மடியிலிருந்து எட்டி என் மகள் படத்தில் விரலை வைத்தாள். "தாத்தா, இங்க தண்ணியில என்ன ரெட் கலரா இருக்கு?"

அப்பா என்னைத்தான் பார்த்தார்.

"சிவப்பு இருக்கா, பாரு."

"இருக்குப்பா. அன்னைக்கும் இருந்துச்சு."

அவர் பேத்தியின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது.