ஆரஞ்சுக் குடை

தேசியக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்தான். நான்கு தடுப்பாட்டக்காரர்கள் போதாதென்று ஐந்து பேரைக் கோலுக்கு முன்னால் நிறுத்துகிற மனிதர் அவர். என் தம்பியும் தடுப்பாட்டக்காரன்தான். அவனை முகாமுக்குக் கூப்பிட்டுவிட்டு, ஆட்டத்துக்கு ஆட்டம் பெஞ்சிலேயே உட்கார வைத்திருந்தார். ஐந்து பேரில் ஒருவனாகக்கூடவா அவன் தேறமாட்டான்?

தி. நகர் துணிக்கடையில் பதினைந்து வருடமாகப் புடவை எடுத்துப் போடுகிறவள் நான். வாங்க வந்தவர் யார், சுருட்ட வந்தவர் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். டிவியில் அந்த ஆள் பேட்டி கொடுக்கும்போதெல்லாம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். சிபாரிசா, ஊர்ப்பாசமா, என்னவென்று பிடிபடவில்லை. ஆனால் ஏதோ இருக்கிறது.

திருவான்மியூர் கடற்கரையில் பந்தைத் தொட்ட நாளிலிருந்து, முகாமுக்குப் போகும்வரை, தம்பி இங்கே ஆடிய ஒரு ஆட்டத்தையும் நான் விட்டதில்லை. லீவு தராவிட்டால் முதலாளியிடம் சண்டை போட்டுவிட்டாவது வந்துவிடுவேன். கோட்டோரம் நின்றுகொண்டு, அவன் முதுகுக்குப் பின்னால் எதிராளி நழுவினால் என் ஆரஞ்சுக் குடையைத் தூக்குவேன். அவன் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் பின்னால் ஓடுவான். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஏற்பாடு அது.

அணி சென்னையில் ஆட வந்தது. ஆட்டத்துக்கு முந்தின நாள் காலை, தம்பியைப் பார்க்கிற சாக்கில் அவர்கள் தங்கியிருந்த ஓட்டலுக்குப் போனேன். வரவேற்பறையில் பயிற்சியாளர் தனியாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார். எதிரே போய் உட்கார்ந்து, யாருடைய அக்கா என்று சொல்லி, தெரிந்த இங்கிலீஷில் கேட்டே விட்டேன்: என் தம்பியிடம் என்ன குறை?

அவர் கோபப்படவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

"நல்ல ஆட்டக்காரன்தான். ஆனால் தனக்குப் பின்னால் யார் ஓடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பதே இல்லை. கோட்டுக்கு வெளியே யாரையோ தேடுகிறான். ஐந்து பேர் வரிசையில் ஒருவன் அப்படி நின்றால் அங்கேயே ஓட்டை விழுந்துவிடும். யாரைத் தேடுகிறாய் என்று மூன்று முறை கேட்டுவிட்டேன். வாயே திறக்கமாட்டேன் என்கிறான்" என்றார்.

என் மடியில் குடை இருந்தது. அதை மெல்ல நாற்காலிக்கு அடியில் தள்ளினேன். வெட்கமாக இருந்தது. என்னைக் காட்டிக்கொடுக்காமல் அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை நினைத்தபோது அழுகை வந்தது.

தம்பி லிஃப்டிலிருந்து வந்தான். பயிற்சியாளர் எழுந்து போகிறவரை பொறுத்திருந்து கேட்டான்.

"இன்னாக்கா சொன்னாரு?"

"ஒண்ணியும் இல்லடா. சும்மா பேசிக்கினு இருந்தோம்."

"நாளைக்கி எறக்கினாலும் எறக்குவாரு. நீ எந்தப் பக்கம் குந்துவ?"

"நான் வரலடா. கடையில லீவு கேட்டேன், குடுக்கல."

புடவையைச் சுருட்ட வந்தவர்களை நான் பார்க்கிற அதே பார்வையால் அவன் என்னைப் பார்த்தான்.