அம்மா கண்மூடிப் பாடிய கொட்டகை

நேற்று ஆராதனையில், பாட்டுக்குழுவில் என் பக்கத்தில் நின்ற பெண்ணிடமிருந்து யூகலிப்டஸ் தைல வாசனை வீசியதும், போடிமெட்டுக்கு மேலே, இப்போது சுற்றுலா விடுதி நிற்கும் இடத்தில் எழுபதுகளில் இருந்த, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகை எனக்குள் திரும்பி வந்தது. சனிக்கிழமைச் சாயங்காலங்களில் அங்கே நடக்கும் ஜெபக்கூட்டத்தில் எங்கள் குடும்பம்தான் பாடும். அப்பா ஆர்மோனியத்தைத் திறப்பார், அண்ணன் தபேலாவைத் தட்டிப் பார்ப்பான், பகலெல்லாம் கொழுந்து கிள்ளிய அம்மா முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு, ஈரச் சாக்கும் நனைந்த கம்பளியுமாக வாடை வீசும் அந்தக் கூட்டத்தின் முன்னால் வந்து நிற்பாள்.

“ஏட்டி, நான் சாஞ்சா முட்டு குடு” என்பாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

இரண்டாவது சரணத்தில் கண் மூடிவிடும். வாய் பழக்கத்தில் பாடிக்கொண்டிருக்க, உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக என் தோளில் இறங்கும். அம்மா நின்றபடியே தூங்கிக்கொண்டிருப்பாள்.

“பாத்தியளா, அக்கா மேல பரிசுத்த ஆவி எறங்கிட்டு” என்று முன்னால் இருக்கும் பெண்கள் அழுவார்கள். பாட்டு சீக்கிரம் முடியட்டும் என்பதே என் ஜெபமாக இருக்கும்.

நேற்று அந்தப் பெண்ணும் கண்ணை மூடித்தான் பாடினாள். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவள் முழங்காலைப் பார்த்தபடி, ஓரடி நெருங்கி நின்றுகொண்டேன்.