கம்பெனியின் பெயர் கெடவில்லை

போன மாதம் செஞ்சிக்குப் போயிருந்தேன். கோட்டை பார்க்க அல்ல. வேலை.

பத்திரிகையில் வாராவாரம் பத்தி எழுதுவது போக, எனக்குச் சோறு போடும் தொழில் ஒன்று உண்டு. ஒரு கம்பெனியில் அசம்பாவிதம் நடந்தால், ஊரில் அதன் பெயர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று விசாரித்து ரிப்போர்ட் கொடுப்பது. இப்படியும் ஒரு வேலையா என்றால்... இருக்கிறது!

இந்த முறை கேஸ் கம்பெனி. மண்ணுக்கடியில் போகும் தங்கள் பைப்பை, அவர்கள் ஆட்களே பள்ளம் தோண்டும்போது பொக்லைனால் உடைத்துவிட்டார்கள். கேஸ் நாற்றத்தில் தெருவே ஓடியிருக்கிறது. நல்லவேளை, தீப்பிடிக்கவில்லை.

ஆட்டோ ஸ்டாண்டில் விசாரித்தேன்.

"பைப்பா? இன்னா பைப்பு? கஸ்தூரியக்கா இட்லிக் கடை சிலிண்டர்தான் சார் லீக்கு. வாட்ஸ்அப்ல வந்துச்சே, பாக்கலியா?"

பார்த்தேன். தீயணைப்புக்காரர்கள் முன்னெச்சரிக்கையாக அந்தக் கடை சிலிண்டரைத் தூக்கிவந்து ரோட்டில் வைக்கிறார்கள். அவ்வளவுதான் வீடியோ. உடைந்த பைப் அதில் இல்லை. மருந்துக் கடை, பூக்கடை — எங்கே கேட்டாலும் இதே கதை.

அன்று அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் பக்கத்துக் கடையில் நின்றுகொண்டே சாப்பிட்டது. கஸ்தூரி கடையில் நான் மட்டும். கேட்காமலே இன்னும் இரண்டு இட்லி வைத்தார். எப்படியும் மீந்துதான் போகும்.

"என் சிலிண்டர் நல்லாத்தான் சார் இருக்குது. சொன்னா யாரு நம்புறாங்க? எங்க பைப்புதான் ஒடஞ்சிதுன்னு கம்பெனிக்காரங்க ஒரு போர்டு வச்சா போதும். சொல்றீங்களா?"

சொன்னேன். சென்னையிலிருந்த கம்பெனி மேனேஜர் போனில் சிரித்தார்.

"ஊர்ல யாருமே நம்ம பேரைச் சொல்லலியா? சூப்பர் சார்! ரிஸ்க் கம்மின்னு போட்டுடுங்க. நாமளே போய் எதுக்குத் தலையைக் கொடுக்கணும்?"

நான் விடவில்லை. ரிப்போர்ட்டில் கஸ்தூரிக்காக ஒரு பக்கம் எழுதினேன். 'கேட்டது கம்பெனி பெயரைப் பற்றி மட்டும்' என்று திருப்பி அனுப்பினார்கள். ஏன், இட்லிக் கடைக்குப் பெயர் இருக்காதா? அந்தப் பக்கத்தை எடுக்க மாட்டேன் என்றேன். வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள்.

கெட்ட பெயரும் தண்ணீர் மாதிரிதான் போலிருக்கிறது. தாழ்ந்த இடம் பார்த்துத்தான் தேங்குகிறது.

நேற்று கஸ்தூரிக்குப் போன் செய்தேன். "உங்க கடை மேல தப்பில்லன்னு இந்த வாரம் எழுதப்போறேம்மா."



"எழுதுங்க சார். ஆனா நான் கடையைக் காலி பண்ணி சாவியக் குடுத்துட்டேனே..."

எழுதிவிட்டேன். யாருக்காக என்றுதான் தெரியவில்லை.